‘பண்ணு’வ கழட்டி வச்சா பாதி இங்கிலீஷ்

(மும்பை தாராவியில ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பேசினது. பேசின மாதிரியே டைப் பண்ணியிருக்கேன், இலக்கணம் தேடாதீங்க.)

எல்லாருக்கும் வணக்கம். அண்ணாச்சிமார், அக்காமார், வாசல்லயே நிக்கிற தம்பிங்க எல்லாம் உள்ள வாங்கப்பா, இடம் இருக்கு. நைன்ட்டி ஃபீட் ரோட்டு ஹாரன் சத்தத்துல நானும் கத்திதான் பேசணும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

அன்றாட இங்கிலீஷ் பத்தி பேச சொன்னாங்க. முதல்லயே ஒன்னு சொல்லிடுறேன், எனக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை கூட தெரியாதுன்னு இங்க யாரு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். இப்ப முன் வரிசையில ஒரு ஆச்சி ஃபோன்ல பேசிட்டு இருந்தாங்க, "கேஸ் புக் பண்ணியா, கேன்சல் ஆயிடுச்சுன்னா திரும்ப செக் பண்ணு, நான் வெயிட் பண்றேன்"னு. எண்ணிப் பாருங்க, புக், கேன்சல், செக், வெயிட். நாலும் சுத்தமான இங்கிலீஷ் வினைச்சொல். ஆச்சி பள்ளிக்கூடம் போனாங்களோ இல்லையோ, அந்த ‘பண்ணு’வ மட்டும் கழட்டி வச்சிட்டா மிச்சம் இங்கிலீஷ்தான். "ப்ளீஸ் செக்." "ஐ வில் வெயிட்." "ப்ளீஸ் கேன்சல் இட்." அவ்வளவுதான் சங்கதி.

இதுல சில இடத்துல கால் வழுக்கும், அதையும் சொல்லிடணும். ஃபேன ஆஃப் பண்ணுன்னு சொல்றோம்ல, அதுல பண்ணுவ கழட்டினா வெறும் ‘ஆஃப்’தான் மிஞ்சும், அது தனியா நிக்காது, "டர்ன் ஆஃப் த ஃபேன்"னு சொல்லணும், இல்ல "ஸ்விட்ச் ஆஃப்". மேரேஜ் பண்ணிக்கிட்டான்னா "ஹி காட் மேரிட்". லவ் பண்றேன்னா "ஐ லவ்" தான், "ஐ ஆம் லவிங்" கிடையாது, பின்னாடி சிரிக்கிற தம்பி நோட் பண்ணிக்கோ, பின்னால உதவும்.

வார்த்தை எத்தனை வேணும்னு கேக்கறீங்க. இங்கிலாந்துல ஆக்டன்னு ஒருத்தர் 1930-ல பேசிக் இங்கிலீஷ்னு ஒரு பட்டியல் போட்டார், மொத்தமே 850 வார்த்தை, அதுல வினைச்சொல் வெறும் 18. கம், கோ, கெட், கிவ், கீப், புட், டேக், மேக், சே, சீ இப்படித்தான் போகும், எல்லாம் நமக்குத் தெரிஞ்ச வார்த்தை. அப்புறம் மைக்கேல் வெஸ்ட்னு ஒருத்தர், டாக்காவுல வாத்தியார்களுக்குப் பயிற்சி குடுத்தவர், வங்காளத்துப் பிள்ளைங்க இங்கிலீஷ் படிக்கத் திணறுறத பக்கத்துல இருந்து பாத்தவர், அவர் பேர்ல 1953-ல வந்த பட்டியல்ல சுமார் 2000 வார்த்தை. நம்மள மாதிரி பிள்ளைங்கள வச்சு யோசிச்ச மனுஷன்ங்கறதால எனக்கு அவர் மேல ஒரு இது. ரெண்டு பேரும் சொன்னது ஒன்னுதான், சின்ன வார்த்தைய நல்லா பழகு. ‘கெட்’ ஒன்ன எடுத்துக்கோங்க, கெட் இன்னா ஏறு, கெட் ஆஃப்னா இறங்கு, கெட் அப்னா எந்திரி, கெட் பேக்னா திரும்பி வா. சாயங்கால லோக்கல் ட்ரெயின்ல கதவுகிட்ட நிக்கிறவர்ட்ட "ஆர் யூ கெட்டிங் ஆஃப் அட் தாதர்?"னு கேட்டுப் பாருங்க, ஆமான்னா பின்னாடியே நில்லுங்க, இல்லன்னா முன்னாடி போங்க. இது இலக்கணம் இல்ல, உயிர் பிழைக்கிற வழி.

இன்னொரு விஷயம், இத நான் ரொம்ப நாளா கவனிச்சிட்டு வரேன். ஆஸ்பத்திரி ஓபிடியில டாக்டர் எத்தனை நாளா காய்ச்சல்னு கேட்டா நம்ம ஆளுங்க "சின்ஸ் த்ரீ டேஸ்"ம்பாங்க. அது தப்பு, "ஃபார் த்ரீ டேஸ்". வேடிக்கை என்னன்னா இந்தத் தப்ப தமிழ் நம்மள செய்யச் சொல்லல. தமிழ்ல ‘மூணு நாளா’ வேற, ‘திங்கக்கிழமையிலருந்து’ வேற, நாமளே பிரிச்சுத்தான் பேசறோம். ஹிந்தியிலதான் ‘தீன் தின் ஸே’, ‘சோம்வார் ஸே’, ரெண்டுக்கும் ஒரே ‘ஸே’. இந்த ஊர்ல ஹிந்தி வழியா இங்கிலீஷுக்குப் போறோம், அதனால வழியில அது ஒட்டிக்குது. தமிழ்ல யோசிங்க. ‘நாளா’ வந்தா ஃபார், ‘இலருந்து’ வந்தா சின்ஸ். "ஐ ஹேவ் ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்", "சின்ஸ் மண்டே". மாத்திச் சொன்னாலும் டாக்டருக்குப் புரியும், மருந்து மாறாது, பயப்பட வேணாம். ஆனா சரியா சொல்ல நம்மகிட்டயே வழி இருக்கறப்ப ஏன் விடணும்.

இப்ப முக்கியமான இடம், வீட்டு வேலைக்குப் போற அக்காங்க, டெலிவரி பண்ற தம்பிங்க கொஞ்சம் கேளுங்க. நாம "தண்ணி குடுங்க"ன்னு சொல்றப்ப மரியாதை எங்க இருக்கு? அந்த ‘ங்க’வுல. இங்கிலீஷ்ல "கிவ் வாட்டர்"னா ‘ங்க’ போச்சு, ‘தண்ணி குடு’ன்னு ஆயிடுது, கேக்கறவங்க மூஞ்சி மாறுது, நாம என்ன தப்பா சொன்னோம்னு முழிக்கிறோம். ஒரு காலத்துல அவங்ககிட்டயும் நீ, நீங்க ரெண்டும் இருந்துச்சு, நீக்கு ‘தௌ’, நீங்களுக்கு ‘யூ’, அந்த ‘தௌ’ போயி நூத்துக்கணக்கான வருஷம் ஆச்சு, இப்ப எல்லாருக்கும் ‘யூ’ தான். அப்ப மரியாதைய எங்க வைக்கிறாங்க? வாக்கியத்தோட முன்னாடி, ‘குட்’ல (நல்லதுன்னு சொல்ற குட் இல்ல, c-o-u-l-d, could). "குட் ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்?" "குட் யூ ஓப்பன் த கேட்?" சம்பளம் கேக்கறதுக்கு "மேடம், குட் யூ ப்ளீஸ் கிவ் மீ மை சேலரி டுடே?". அப்படிக் கேட்டும் குடுக்கலன்னா அதுக்கு வேற மீட்டிங் போடணும், அது இங்கிலீஷ் பிரச்சனை இல்ல.

ஃபோன்ல தெரியாத நம்பர் வந்தா "ஹூ ஆர் யூ"ன்னு கேக்காதீங்க, சண்டைக்கு இழுக்கற மாதிரி இருக்கும். தமிழ்ல ‘யாரு பேசறது’ன்னுதானே கேக்கறோம், அதையே "ஹூ இஸ் ஸ்பீக்கிங்?"னு கேளுங்க. ‘போயிட்டு வரேன்’ன அப்படியே "ஐ வில் கோ அண்ட் கம்"னு சொல்றத பல பேர் கிண்டல் பண்ணுவாங்க, எனக்கு அதுல ஒரு கூச்சமும் இல்ல, நம்ம ஊர்ல எல்லாருக்கும் புரியுது. இன்டர்வியூல மட்டும், நடுவுல வெளிய போயிட்டு வர்றதா இருந்தா "ஐ வில் பி ரைட் பேக்"னு சொல்லிக்கோங்க.

எல்லாத்துக்கும் மேல ஒரு வாக்கியம் இருக்கு, மத்ததெல்லாம் மறந்தாலும் இத மனப்பாடம் பண்ணிடுங்க. "சாரி, குட் யூ சே தட் அகெய்ன், ஸ்லோலி?" புரியாதப்ப தலையாட்டிட்டு வந்துடறோம் பாருங்க, பேங்க்ல, ஸ்கூல் மீட்டிங்ல, அங்கதான் நமக்கு நஷ்டம். அவங்கள திரும்பச் சொல்ல வச்சா ரெண்டாவது வாட்டி பாதியாவது புரியும், அதோட மெதுவா பேசணும்னு அவங்களுக்கும் உறைக்கும்.

தனித்தனி வார்த்தையா நோட்டுல எழுதி வைக்கறது எனக்குப் பிடிக்காது, முழு வாக்கியமா வாயில போட்டுக்கோங்க. காசு கேக்காத வாத்தியார் வேணும்னா லோக்கல்லயே இருக்கார், புடில் ஸ்டேஷன், அக்லா ஸ்டேஷன், நெக்ஸ்ட் ஸ்டேஷன்னு ஒரே சேதிய மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ்னு மூணு மொழியில ஸ்பீக்கர்ல சொல்லிட்டே வரார்ல, அவர் கூடவே வாய்க்குள்ள சொல்லிட்டே வாங்க. பக்கத்துல இருக்கறவர் ஒரு மாதிரி பாப்பார், பாக்கட்டும்.

சரி, பேச்சு போதும். இப்ப ரெண்டு ரெண்டு பேரா உக்காருங்க, ஒருத்தர் ஆஸ்பத்திரி கவுண்டர், ஒருத்தர் பேஷன்ட். ஆச்சி, நீங்கதான் டாக்டர், உங்ககிட்ட யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. டீ வந்துட்டு இருக்கு, "குட் ஐ ஹேவ் அ டீ, ப்ளீஸ்?"னு கேக்கறவங்களுக்குத்தான் முதல் கிளாஸ்.