அம்மம்மா, அதுகளுக்கு நோகாதா?

வணக்கம் நேயர்களே.

பண்ணை விலங்குகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து தொடங்குகிறேன்.

போன மாதம் ஒரு காலை, பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். அவள் மூன்றாம் தரம். திருகோணமலை அநுராதபுரச் சந்தியில் வாகனங்கள் நின்றபோது பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதன் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோழிகள், கால்களைச் சேர்த்துக் கட்டி, தலைகீழாகத் தொங்கின. எல்லாம் வாயைத் திறந்தபடி இருந்தன. "அம்மம்மா, அதுகளுக்கு நோகாதா?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, அதுகளுக்குப் பழகிவிட்டது" என்றேன்.

அவள் நம்பினாள். அதுதான் எனக்கு அன்று முழுவதும் மனதை அறுத்தது.

எங்களுக்கு நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் நடுவில் பிரிமென்றகடு இருக்கிறது. கோழிக்கு எங்களுடையதைப் போன்ற அந்தத் தசைத்தட்டு கிடையாது. தலைகீழாகத் தொங்கவிட்டால் குடலும் ஈரலும் சரிந்து மூச்சுப் பைகளை அழுத்தும். அதற்கு மேல் வெயில். கோழிக்கு வியர்ப்பதுமில்லை, வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்க வேண்டும். அந்தக் கோழிகளுக்கு நொந்தது. பழகியிருக்கவும் முடியாது.

நான் ஆரம்பப் பிரிவில் முப்பது வருடம் படிப்பித்தவள். "பசு எமக்குப் பால் தரும், கோழி எமக்கு முட்டை தரும்" என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இப்போது அந்தத் "தரும்" என்ற சொல்லில்தான் எனக்குச் சிக்கல். பசு தன் கன்றுக்குத்தான் பால் சுரக்கிறது. கோழி தன் இனத்துக்காக முட்டையிடுகிறது. நாங்கள் எடுக்கிறோம். எடுப்பதே குற்றம் என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் வீட்டிலும் முட்டை வாங்குகிறோம். ஆனால் "எடுக்கிறோம்" என்று பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். "எப்படி எடுக்கிறோம்?" என்ற அடுத்த கேள்வியை அது தானாகவே கேட்கும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? கூண்டிலிருந்தும் கத்தியிலிருந்தும் தொடங்க வேண்டாம். முதலில் ஒரு கோழி என்னவென்று காட்டுங்கள்.

நான் வளர்ந்தது தம்பலகாமத்தில். அங்கே அம்மா அடை வைத்த கோழிகளோடுதான் என் சிறுவயது போனது. முட்டையிட வருகிற பேடு இடம் தேடி அலையும். அடுப்படி மூலை, வைக்கோல் போர், உரலுக்குப் பின்பக்கம் என்று எல்லாவற்றையும் பார்த்து, ஆள் கண்ணில் படாத இடத்தில்தான் உட்காரும். அடை உட்கார்ந்தால் 21 நாள். அலகால் முட்டைகளைப் புரட்டிப் புரட்டி விடும். பொரிக்க ஒரு நாள் இருக்கும்போதே குஞ்சு ஓட்டுக்குள்ளிருந்து கீச்சிடும், தாய் "கொக் கொக்" என்று பதில் சொல்லும். அம்மா முட்டையை என் காதில் வைத்துக் கேட்கச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. மத்தியானத்தில் சாம்பல் மேட்டில் படுத்து, இறகுக்குள் புழுதியை அள்ளிப் போட்டுக் குளிக்கும். அது விளையாட்டில்லை, இறகைச் சுத்தமாக வைத்திருக்கும் வழி.

இதையெல்லாம் பார்த்த பிள்ளையிடம் ஓர் ஏ4 தாளைக் கொடுங்கள். நிலத்தில் விரிக்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் முட்டைக் கோழிக்குக் கூண்டில் ஒதுக்கிய இடம் அந்தத் தாளை விடக் குறைவாக, 550 சதுர சென்ரிமீற்றராக இருந்தது. அங்கே 2012 ஜனவரியிலிருந்து அந்தக் கூண்டுகளுக்குத் தடை. உலகின் பல இடங்களில் அவை இன்னும் இருக்கின்றன. வருடத்துக்கு 300 முட்டை வரை இடுகிற பேடு, ஒளிந்து முட்டையிட மூலையில்லாமல், புழுதி இல்லாமல், சிறகை விரிக்க இடமில்லாமல் அதில் நிற்கிறது. நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டாம். உரலுக்குப் பின்னால் போன பேட்டைப் பார்த்த பிள்ளைக்குத் தெரியும்.

இறைச்சிக் கோழியைப் பற்றிப் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் பிழையாகச் சொல்வது ஒன்று உண்டு: "புரொயிலர் கோழி ஊசி போட்டு வளர்க்கிறது." அப்படியில்லை. ஊசியால் அல்ல, தெரிவு செய்து இனம் பெருக்கியதால்தான் அந்த வேகம். கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டின் இனத்தையும் 2005ஆம் ஆண்டின் இனத்தையும் ஒரே தீனி போட்டு வளர்த்தார்கள். 56ஆம் நாளில் பழைய இனம் ஏறத்தாழ 900 கிராம். புதியது 4.2 கிலோ. உடம்பு அப்படி ஓடும்போது காலும் இதயமும் பின்னால் நிற்கின்றன. சில கோழிகளால் நடக்கவே முடிவதில்லை. ஆறு கிழமை வயதில் கடைக்கு வருகிற அந்தப் பெரிய கோழி இன்னும் கீச்சிடுகிற குஞ்சுதான்.

எவ்வளவு சொல்வது என்பது வயதைப் பொறுத்தது. முட்டைக் கோழி இனத்தில் பிறக்கிற சேவல் குஞ்சுகள் முட்டையும் இடாது, இறைச்சிக்கும் தேறாது என்பதால் பொரித்த நாளிலேயே கொல்லப்படுகின்றன. ஜேர்மனி 2022இல் அதைத் தடைசெய்தது. இதை நான் ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்டால் மறைக்கவும் மாட்டேன்.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வகுப்பில் கோழிப்பண்ணைக்காரரின் பிள்ளையும் இருக்கும், இறைச்சிக் கடைக்காரரின் பிள்ளையும் இருக்கும். அந்தப் பிள்ளை தலை குனிகிற மாதிரி ஒரு சொல்லும் வரக் கூடாது. எங்கள் பக்கத்தில் பல பேர் கொம்பனி தந்த குஞ்சை, கொம்பனி தந்த தீனியில் வளர்த்து, கொம்பனி சொன்ன விலைக்குத் திருப்பிக் கொடுக்கிறவர்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கூரைக்குத் தண்ணீர் அடித்து, ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, கரண்ட் நின்றால் நித்திரையில்லாமல் நிற்கிறவர்கள். ஒரு கோழிக்கு எவ்வளவு இடம் என்று தீர்மானிப்பதில் வாங்குகிற எங்களுக்கும் பங்கு உண்டு. மலிவாகக் கேட்பது நாங்கள்தானே.

இரக்கம் வெளியிலிருந்து வந்த பாடமில்லை. பட்டிப்பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைக்கிறோம். அறுக்கப்போகும் பிராணியின் கண் முன்னால் கத்தியைத் தீட்டக் கூடாது என்று மூதூர், கிண்ணியா முஸ்லிம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். கோட்டைப் பக்கம் மான் பொலித்தீனைத் தின்றால் நகரத்துப் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பறிக்கிறார்கள். கோழியை ஏன் அந்த வட்டத்துக்கு வெளியே விட்டோம் என்று அவர்கள் கேட்டால், அது நல்ல கேள்வி.

1965இல் பிரித்தானியாவில் ஓர் அரசாங்கக் குழு, பண்ணை விலங்கு ஒவ்வொன்றுக்கும் எழும்ப, படுக்க, திரும்ப, உடம்பைச் சுத்தம் செய்ய, கைகாலை நீட்ட இடம் வேண்டும் என்று சொன்னது. ஐந்தே ஐந்து. மூன்றாம் தரப் பிள்ளைக்கு விரல் விட்டு எண்ணிக் காட்டலாம். நான் காட்டினேன்.

அன்று பின்னேரம் பேத்தியை உட்காரவைத்து, காலையில் சொன்னது பொய், அதுகளுக்கு நோகும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப ஏன் கூடையில் வைக்கவில்லை?" என்றாள். எனக்குத் தெரியாததால் அடுத்த நாள் சந்தைப் பக்கம் ஒரு கடைக்காரத் தம்பியிடமே கேட்டேன். "கூடை வைத்தால் பாதிக் கோழிதான் ஏற்றலாம் ரீச்சர், இரண்டு தரம் ஓடினால் பெற்றோல் காசு யார் தருவது?" என்றார். அதையும் அப்படியே வந்து சொன்னேன். இப்போது அவளுடைய கொப்பியில் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அதில் கூடைகளை எங்கெங்கே வைக்கலாம் என்று கீறிக் கீறி அழித்துக்கொண்டிருக்கிறாள்.

நன்றி, வணக்கம்.