பிலாத்துவிடம் துணிந்து போனவன்

(லெந்து நாட்களில், யாழ்ப்பாணத்துச் சபையொன்றின் ஆண்கள் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான ஐயாமாரே, அண்ணன்மாரே, பின் வாங்கில் இருக்கிற தம்பிமாரே,

ஆண்களுக்குத் தைரியத்தைப் பற்றிப் பேசு என்றால் தாவீதையும் கோலியாத்தையும் எடுப்பது வழக்கம். இன்றைக்கு நான் எடுப்பது ஒரு பயந்த மனிதனை. அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு. யோவான் அவனைப் பற்றி ஒளிக்காமல் எழுதுகிறார்: இயேசுவின் சீஷன்தான், ஆனால் யூதருக்குப் பயந்து அதை மறைத்து வைத்திருந்தவன். கவனியுங்கள், அங்கே ரோமப் படையின் பெயர் இல்லை. அவன் பயந்தது தன் சொந்தச் சனத்துக்கு. அவன் பணக்காரன், ஆலோசனைச் சங்கத்தில் ஆசனம் உள்ளவன். இயேசுவை நம்புகிறேன் என்று வாய் திறந்தால் ஜெபஆலயத்துக்குப் புறம்பாக்கிவிடுவார்கள்.

நாலு பேர் என்ன சொல்லுவினம் என்ற அந்தப் பயத்தை யாழ்ப்பாணத்தில் நான் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

எங்களுக்கு இன்னொரு பயமும் இருந்தது. இங்கே இருக்கிற நடுவயதுக்காரர் போர்க்காலத்தில் இராணுவத்தின் சுற்றிவளைப்பைக் கண்டவர்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி, தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுக்கிற முகம் மூடிய தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள். பிடித்துக்கொண்டு போன மகனைத் தேடி காம்ப் வாசலுக்குத் தாய்தான் போனாள். தகப்பன் போனால் அவரையும் வைத்துக்கொள்வார்கள் என்று வீட்டிலேயே மறித்தார்கள். அந்தத் தகப்பனைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவர்களில் எத்தனையோ பேர் அந்த வெட்கத்தை ஒருவருக்கும் சொல்லாமல், போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகும் சுமக்கிறார்கள். பின்னேரமானால் அது சிலரைத் தவறணைக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. சில வீடுகளில் மனைவிமேல் கை ஓங்குகிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தெருவோரத்தில் குந்தியபோதும் முன்னுக்கு இருந்தவர்கள் தாய்மார்தான்.

சகோதரரே, ஆண்டவர் கெத்செமனேயில் என்ன செய்தார்? திகிலடைந்தார் என்று மாற்கு எழுதுகிறார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அவர் அதை வாய்விட்டுச் சொன்னது. பேதுரு, யாக்கோபு, யோவான் என்ற மூன்று ஆம்பிளைகளிடம், என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். தேவகுமாரனே கேட்டார். அவர்கள் நித்திரையாகிவிட்டார்கள், அது வேறு கதை. தன் பயத்தை இன்னொரு ஆணிடம் சொல்வது ஆண்மைக்குக் குறைவு என்று எங்கள் அப்பாமார் எங்களுக்குப் பழக்கியது சுவிசேஷத்தில் இல்லை. தன் பயத்தைச் சொன்ன அதே மனிதர்தான் எழுந்து, பந்தங்களோடு வந்தவர்களுக்கு எதிரே போய், யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார்.

இனி யோசேப்பிடம் வருவோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாம் முடிந்துவிட்டது. உயிரைக் கொடுப்பேன் என்ற பேதுரு மறுதலித்துவிட்டான். ஒரு சீஷன் சிலுவையருகே நின்றான், மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். இயேசுவோடு சேர்ந்து நின்றால் இனி ஒரு இலாபமும் இல்லை என்று தெரிந்த அந்த நேரத்தில்தான் யோசேப்பு, ரோம தேசாதிபதி பிலாத்துவிடம் துணிந்துபோய் இயேசுவின் உடலைக் கேட்கிறான். அரச துரோகி என்று கொல்லப்பட்டவனின் உடலைக் கேட்டு அதிகாரியின் வாசலில் நிற்பது என்னவென்று எங்கள் சனத்துக்குத் தெரியும். அதோடு பிரேதத்தைத் தொட்டவனுக்கு நியாயப்பிரமாணத்தின்படி ஏழு நாள் தீட்டு. வருஷத்தின் பெரிய பண்டிகை நேரத்தில், சங்கத்துப் பெரியவன் ஒருவன் அந்தத் தீட்டை ஏற்றுக்கொண்டான். தனக்கென்று கன்மலையில் வெட்டி வைத்த புதுக் கல்லறையையும் கொடுத்தான். அவனுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? பயம் போன பிறகு அவன் புறப்பட்டான் என்று நான் நினைக்கவில்லை. பொழுது சாய்கிறது, தூக்கிச் செல்ல ஆளில்லாமல் ஒரு உடல் சிலுவையில் இருக்கிறது, இவன் போகிறான். நிக்கொதேமுவும் வந்து சேர்ந்தான், முன்பு இயேசுவிடம் இராக்காலத்தில் வந்தவன். இப்போது வெள்ளைப்போளமும் கரியபோளமும் ஏறக்குறைய நூறு இராத்தல் கொண்டுவந்தான். அவ்வளவு பாரத்தை ஒளித்துக் கொண்டுவர முடியாது.

எங்கள் மண்ணிலும் இது நடந்தது. 1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகளார் யாழ்ப்பாணம் வந்தபோது கத்தோலிக்கக் குருமாரை ஒல்லாந்தர் தடை செய்திருந்தார்கள். தடை போட்டவர்கள் எங்களைப்போல் சீர்திருத்தச் சபையார் என்பதையும் நாங்கள் சொல்லத்தான் வேண்டும். சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். 2015இல் பாப்பரசர் கொழும்பில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். ஒளித்து வைத்த அந்தக் குடும்பத் தலைவர்களின் பெயர்களை நாங்கள் சொல்வதில்லை. அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர், பயந்திருப்பார்கள்.

இன்றைக்கு ஒருவரும் எங்களைத் தலையாட்டிக்கு முன்னால் நிறுத்தவில்லை. யோசேப்பின் முதல் பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. மகனுக்குக் கலியாணம் பேசும்போது, சீதனம் வேண்டாம் என்று தரகருக்கு முன்னால் சொல்ல எங்களால் முடிகிறதா? ஒரே அப்பத்தில் பங்குபற்றிவிட்டு, வெளியே வந்து, பொடியன் என்ன ஆக்கள், என்ன சாதி என்று விசாரிக்கிறோமே, அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டேன் என்று சொந்தக்காரருக்குச் சொல்ல முடிகிறதா? நாங்கள் கை ஓங்கி அடித்த மனைவியிடம், பிள்ளைகள் பார்க்க, என்னை மன்னியும் என்று கேட்க முடிகிறதா? சிலுவையடியில் நிற்கிற ஆண்களுக்கு இவைதான் இப்போது பிலாத்துவின் வாசல். கால் நடுங்கத்தான் செய்யும். நடுங்கிற காலோடு போங்கள், ஆண்டவர் கூட வருவார். இதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

கூட்டம் முடிந்ததும் போதகர் ஐயாவும் நானும் பக்கத்து அறையில் இருப்போம். காம்ப் வாசலைப் பற்றியோ, குடியைப் பற்றியோ, வீட்டில் நடந்ததைப் பற்றியோ கதைக்க விரும்புகிறவர் வரலாம். பெயர் எழுதமாட்டோம், கேட்டதை வெளியே சொல்லமாட்டோம். அடிக்கு உள்ளாகும் மனைவி பிள்ளைகளின் பாதுகாப்பு மட்டும் எங்களுக்கு முதலாவது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஏலாதவர்கள் ஒரு நாள் சொல்லுங்கள், நாங்கள் உங்களைத் தேடி வருகிறோம்.