கிட்டப்பாவுக்கு மைக் கிடையாது

(தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு கடற்கரை ஊரில், முளைப்பாரித் திருவிழா மேடையில், வள்ளி திருமணம் நாடகம் தொடங்குவதற்கு முன்னால் பேசியது.)

பெரியவர்களே, தாய்மார்களே, சாயங்காலமே பாய் போட்டு முன்வரிசையில் இடம் பிடித்துவிட்ட அப்பத்தாமார்களே, பத்து நிமிஷம்தான் பேசுவேன். பபூன் இன்னும் பவுடர்தான் பூசிக்கொண்டிருக்கிறார், பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

விழாக் கமிட்டியில் கிட்டப்பாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எஸ். ஜி. கிட்டப்பா, நாடக மேடையில் பாடி நடித்தவர். செங்கோட்டைக்காரர், 1906 ஆகஸ்டில் பிறந்தார், 1933 டிசம்பர் 2ஆம் தேதி போய்ச் சேர்ந்துவிட்டார். வெறும் 27 வயசு. நம் ஊரில் அந்த வயசுப் பையன் இன்னும் சிங்கப்பூர் விசாவுக்கு நடையாய் நடந்துகொண்டிருப்பான். இந்த மனுஷன் அதற்குள் தமிழ் பேசுகிற ஊரெல்லாம் பாடி முடித்துவிட்டார்.

கிட்டப்பா என்றதும் எல்லாரும் நேராக, அவரோடு ஜோடியாகப் பாடி நடித்த கே. பி. சுந்தராம்பாள் கதைக்குப் போய்விடுகிறார்கள். கொழும்பில் 1926இல் இரண்டு பேரும் ஜோடி சேர்ந்தது, மறுவருஷம் கல்யாணம், அப்புறம் பிரிவு, அந்தம்மா எழுதிய கடிதங்கள், அவர் போனதும் 25 வயசிலேயே வெள்ளைச் சேலைக்கு மாறியது. கேட்டால் யாருக்கும் கண் கலங்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதை வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே போய், பாட்டு அதற்கு அடியில் மாட்டிக்கொண்டது. காதலும் மனக்கசப்பும் ஊருக்கு ஊர் உண்டு, அந்தச் சாரீரம் ஒருத்தருக்குத்தான் இருந்தது. அதனால் இன்றைக்குப் பாட்டை மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதல் விஷயம், மைக். இப்போது கச்சான் காற்று அடிக்கிறது, இந்த மைக்கிலேயே நான் பேசுவது கடைசியில் நிற்கிற தம்பிகளுக்குப் பாதிதான் கேட்கும். கிட்டப்பா காலத்து நாடகக் கொட்டகையில் மைக் ஏது? கீற்றுக் கொட்டகை, ஆயிரக்கணக்கில் ஜனம், அழுகிற பிள்ளைகள், சோடா விற்கிறவன் சத்தம், அத்தனையையும் தாண்டிக் கடைசித் தரை டிக்கெட்காரன் காதில் வார்த்தை தெளிவாக விழ வேண்டும். அவர் நாலரை, ஐந்து கட்டைச் சுருதியில் நின்று பாடியவர். கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கு ஒரு கணக்கு, எண் ஏற ஏறக் குரலும் உயரே போக வேண்டும். கச்சேரி மேடையில் இன்றைக்கு ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டித்தான் பாடுகிறார்கள், ஐந்து கட்டை பெண் குரலுக்கு உரிய இடம். இதில் ஒரு நாடக லாபமும் இருந்தது. வேலனும் வள்ளியும் பாட்டிலேயே தர்க்கம் பண்ணும்போது கதாநாயகன் வேஷமான ராஜபார்ட்டுக்கு ஒரு சுருதி, கதாநாயகி வேஷமான ஸ்திரீபார்ட்டுக்கு ஒரு சுருதி என்று ஆர்மோனியக்காரர் திண்டாட வேண்டியதில்லை, இரண்டு பேரும் ஒரே கட்டையில் நின்று ஒருத்தர் விட்ட இடத்தில் இன்னொருத்தர் பிடிக்கலாம். கிட்டப்பாவுக்கு எதிரில் நின்று அப்படிப் பிடிக்க ஆள் வேண்டுமே, அங்கேதான் சுந்தராம்பாள் வருகிறார். அவர்கள் ஜோடி ஏன் அவ்வளவு எடுபட்டது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தச் சுருதியைத்தான், காதல் அதற்கு அப்புறம்.

சத்தமாகப் பாடினார் என்பதோடு விட்டுவிட்டால் அது அநியாயம். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் கம்பெனியில் சின்னப் பையனாகத் தொடங்கி, பிறகு கன்னையா கம்பெனியில் பெரிய பெயர் எடுத்தவர், படித்ததெல்லாம் மேடையில்தான். அப்படி வந்த ஒருத்தர் தியாகராஜரின் ‘எவரனி’ கீர்த்தனையைத் தெலுங்கு தெரியாத நாடக ஜனத்துக்கு முன்னால் எடுத்துப் பாடி, அதை ஜனங்கள் முணுமுணுக்கிற பாட்டாக ஆக்கிவிட்டார். சபாவில் நாலு பேர் தலையாட்டுகிற சங்கதியைத் தரை டிக்கெட்டுக்குக் கொண்டுவந்தார், அதற்காக ராகத்தைக் கொஞ்சம்கூட நீர்க்கவிடவில்லை. வள்ளலாரின் ‘கோடையிலே இளைப்பாற்றிக்கொள்ளும்’ விருத்தத்தையும் இசைத்தட்டில் பாடியிருக்கிறார், வீட்டுக்குப் போய் செல்போனில் போட்டுக் கேளுங்கள். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது, பாடுகிறவன்தான் எங்கே நிற்பது, எங்கே இறங்குவது என்று அந்தந்த நேரத்தில் முடிவு பண்ண வேண்டும். சித்திரை வெயிலில் உப்பளப் பக்கம் நடந்து வந்தவனுக்கு நிழல் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அந்தச் சுகம் அவர் இழுப்பில் இருக்கிறது.

ஆனால் இசைத்தட்டை மட்டும் வைத்து அவரை எடை போட முடியாது. அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான். ஒன்ஸ்மோர் கேட்கக் கேட்க மேடையில் வளர்ந்த பாட்டை அதற்குள் அடைக்க வேண்டும். 1931இல் தமிழ் பேசும்படம் வந்துவிட்டது, அதற்குப் பிறகு இரண்டு வருஷம் உயிரோடு இருந்தவர், ஒரு படத்திலும் இல்லை. அவர் எப்படி மேடைக்குள் நுழைந்தார், வள்ளியைப் பார்த்து எப்படிச் சிரித்தார், கூட்டம் கத்தும்போது எவ்வளவு நேரம் சும்மா நின்றார், எதுவுமே நம்மிடம் இல்லை.

இந்தக் கரைக்கு இதில் ஒரு பங்கு உண்டு. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி வந்து அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் இறங்குவதுதான் கொழும்புக்குப் பெரிய வழி. பாட்டும் வேஷமும் அக்கரைக்குப் போய் வந்த பாதை அது, 1964 புயல் வந்து அதை முடித்தது. அதைப் பேசினால் விடிந்துவிடும், விடுங்கள்.

இன்றைக்கு ராத்திரி பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு வேலன் வேஷத்தில் ஒருத்தர் வந்து ‘காயாத கானகத்தே’ என்று எடுப்பார். கிட்டப்பா தட்டிலும் அந்தப் பாட்டு இருக்கிறது, 1945இல் ஸ்ரீவள்ளி படத்தில் டி. ஆர். மகாலிங்கமும் பாடினார். நம் ராஜபார்ட் பாட்டில் கேட்பது பாதி மகாலிங்கம், மகாலிங்கத்துக்குள்ளே பாதி கிட்டப்பா. ஒத்திகை கிடையாது, மதுரையிலிருந்து ஒருத்தர், புதுக்கோட்டையிலிருந்து ஒருத்தர் என்று வந்து மேடையிலேயே சந்தித்துப் பாடுகிறவர்கள் இவர்கள். அந்த இடத்தில் போய் ‘சினிமாப் பாட்டு பாடுப்பா’ என்று பத்து ரூபாய் நோட்டைக் குத்தாதீர்கள். பாடுகிறவருக்கும் வேறு வழியில்லை, பாடிவிடுவார், பாதியில் விட்ட ராகம் திரும்ப வராது.

தம்பிகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, பபூன் காமெடியை ரெண்டு நிமிஷம் வெட்டிப் போடுகிறீர்கள், சந்தோஷம். இன்றைக்கு யாராவது ரெண்டு பேர் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தர்க்கம் தொடங்குவதிலிருந்து விடிகிற வரைக்கும் நிறுத்தாமல் பதிவு பண்ணுங்கள். சார்ஜ் போட கமிட்டி ஆபீஸில் பிளக் இருக்கிறது, கேட்டு வைத்துவிட்டேன்.