மந்த காலத்தில் வேலையைக் காப்பது கணக்கே!

நடுவர் அவர்களே, எதிரணியில் வரிசையாக வீற்றிருக்கும் திறமைசாலிகளே, என் அணித் தோழர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு: “மந்த காலத்தில் தொழில்நுட்ப ஊழியரின் வேலையைக் காப்பது அவருடைய திறமையா, தன் வேலையால் நிறுவனத்துக்குக் கிடைத்த பயனை அவர் காட்டும் கணக்கா?” நான் கணக்கின் பக்கம். எதிரணியைத் திறமைசாலிகள் என்று கிண்டலுக்குச் சொல்லவில்லை ஐயா, உண்மையாகவே சொன்னேன். ஆனால் அதை அவர்களே இந்த மேடையில் நாலு முறை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது பாருங்கள், என் கட்சி அங்கேயே ஆரம்பமாகிவிட்டது.

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு சம்பவம் சொல்லிக் கைதட்டல் அள்ளினார். 1982-ல் ஆப்பிள் நிறுவனத்தில் லிசா கம்ப்யூட்டருக்கான வேலை நடக்கிறது. இந்த வாரம் எத்தனை வரி நிரல், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை, எழுதினாய் என்று வாரா வாரம் படிவத்தில் எழுதித் தரச் சொன்னார்கள் மேலாளர்கள். அங்கே நிரல் எழுதிக்கொண்டிருந்த பில் அட்கின்சன் என்பவர் அந்த வாரம் பழைய நிரலைத் திருத்தி எளிமையாக்கியதில் சுமார் இரண்டாயிரம் வரி குறைந்துபோனது. மனிதர் படிவத்தில் “மைனஸ் 2000” என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். “பார்த்தீர்களா, திறமைக்கு முன்னால் கணக்கு தோற்றது” என்றார் அம்மையார்.

அம்மா, பாதிக் கதையை விட்டுவிட்டீர்களே! அவர் திருத்திய பகுதி முன்பைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு வேகமாக ஓடியது. ஆறு மடங்கு என்பது என்ன, கவிதையா? அதுவும் கணக்குதானே! அன்றைக்குத் தோற்றது தப்பான கணக்கு. வரியை எண்ணுவது, முடித்த டிக்கெட்டை, அதாவது வேலைக் கோரிக்கையை, எண்ணுவது, நாற்காலியில் உட்கார்ந்த மணி நேரத்தை எண்ணுவது, இவையெல்லாம் பட்ட பாட்டுக்கான கணக்கு. நாங்கள் கேட்பது விளைந்த பயனுக்கான கணக்கு.

அது எப்படி இருக்கும்? சின்னதாக ஒன்றை எடுத்து விரித்துக் காட்டுகிறேன். ஒரு டீமின் டெஸ்ட் சர்வர்கள், அதாவது மென்பொருளைச் சோதித்துப் பார்க்க வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர்கள், இரவு பகலாக ஓடுகின்றன என்று வையுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். டெஸ்டிங் நடப்பதோ வாரத்தில் 5 நாள், நாளைக்கு 12 மணி நேரம், ஆக 60 மணி. மீதி 108 மணி நேரமும் ஆளே தொடாத மெஷினுக்கு வாடகை போகிறது. ஒரு பொறியாளர், வேலை நேரம் முடிந்ததும் சர்வர்களை அணைத்து, காலையில் திரும்ப எழுப்புகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி நிரல், போடுகிறார். எதிரணியில் யாரும் இதைத் திறமை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சேர்ந்து ஆறு மாதமான பையன்கூட எழுதிவிடுவான். ஆனாலும் ஓடும் நேரத்தில் 64 சதவீதம் மிச்சம்.

அவருடைய சாமர்த்தியம் ஸ்கிரிப்டில் இல்லை ஐயா. அதைப் போடுவதற்கு முந்தைய மாதமே கிளவுட் பில்லை, அதாவது அந்த சர்வர்களுக்கான வாடகை பில்லை, எடுத்துக்கொண்டு நிதிப் பிரிவுக்குப் போனார். “பில்லில் இந்த இடத்தில் இருக்கிற தொகையைக் குறைக்கப் போகிறேன். தகவலைச் சேமித்து வைக்கிற டிஸ்க்குக்கான வாடகை அப்படியே இருக்கும், அதனால் பில் முழுசாக 64 சதவீதம் குறையாது. இதுதான் தொடக்க அளவு, சரிதானே?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் பில் வந்தபோது எவ்வளவு குறைந்தது என்று அவர் வாயே திறக்கவில்லை. நிதிப் பிரிவு சொன்னது! வேலைக்கு முன்னால் அளவெடுக்காதவர் பின்னால் கொண்டுவருகிற கணக்கை யார் நம்புவார்கள்?

இதில் எங்கள் பக்கத்து ஆட்களே சறுக்குகிற ஓர் இடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். “நான் செய்த டூலால் 300 பேருக்கு நாளைக்குப் பத்து நிமிடம் மிச்சம், ஆக மாதத்துக்கு இத்தனை லட்சம் லாபம்” என்று பெருக்கிக் காட்டுவார்கள். நிதி அதிகாரி உள்ளுக்குள் சிரிப்பார். அந்தப் பத்து நிமிடத்தால் யாருடைய ஓவர்டைம் குறைந்தது? புதிதாக எடுக்கவிருந்த எந்த ஆளை எடுக்காமல் விட்டோம்? வாடிக்கையாளருக்குப் பதில் எத்தனை நாள் முன்னதாகப் போனது? இதற்கெல்லாம் பதில் இருந்தால்தான் அது பணம். இல்லையென்றால் 300 பேரும் அந்தப் பத்து நிமிடத்தில் போனைப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

எதிரணித் தம்பி ஒருவர் கேட்டார்: “டெஸ்டர், பாதுகாப்பு, சர்வர் பராமரிப்பு, இவர்களுடைய வெற்றியே ஒன்றும் நடக்காமல் இருப்பதுதானே? நடக்காத ஒன்றுக்கு எப்படிக் கணக்குக் காட்டுவது?” இன்றைக்கு இந்த மேடையில் வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். பதில் சொல்கிறேன்.

2012 ஆகஸ்ட் 1. அமெரிக்கப் பங்குச் சந்தையில் நைட் கேப்பிடல் என்றொரு நிறுவனம். புதிய மென்பொருளை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள், ஒன்று விட்டுப்போயிற்று. அந்த ஒன்றில் பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு பங்குகளை வாங்கவும் விற்கவும் கண்டபடி ஆர்டர் போட ஆரம்பித்தது. சுமார் 45 நிமிடத்தில் ஏறத்தாழ 44 கோடி டாலர் நஷ்டம். சில நாட்களிலேயே வெளியாரிடம் முதலீடு வாங்கித்தான் நிறுவனம் தப்பியது. அடுத்த ஆண்டு இன்னொரு நிறுவனத்தோடு இணைந்தும் போனது. எட்டும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கிற ஒரு சாதாரணச் சோதனை அங்கே இருந்திருந்தால், அதை எழுதியவரை உலகத்துக்கே தெரிந்திருக்காது.

அதற்காக, தம்பி, “நானும் 44 கோடி டாலர் காப்பாற்றினேன்” என்று போய் நிற்கக் கூடாது. உங்கள் நிறுவனத்தின் எண்ணை எடுங்கள். வருடத்தில் 99.9 சதவீத நேரம் சேவை ஓடியது என்றால் கிட்டத்தட்ட எட்டே முக்கால் மணி நேரம் படுத்துக் கிடந்தது என்று பொருள். அதை 99.99 ஆக்கினால் படுத்துக் கிடக்கிற நேரம் சுமார் 53 நிமிடம். இடையில் இருக்கிற ஏறக்குறைய எட்டு மணி நேரம் உங்களுடையது. ஒரு மணி நேரத்து விற்பனை எவ்வளவு, சேவை நின்றால் திரும்பி வராமல் போகிற வாடிக்கையாளர் எத்தனை பங்கு என்று விற்பனைப் பிரிவைக் கேட்டு, அவர்கள் சொல்கிற எண்ணால் பெருக்குங்கள். தொகை சிறியதாகத்தான் வரும். பரவாயில்லை, அதை யாரும் மறுக்க முடியாது.

“2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனம் 12,000 பேர், மைக்ரோசாஃப்ட் 10,000 பேர், அமேசான் 18,000 பேருக்கு மேல் என்று ஆட்குறைப்பு அறிவித்தார்களே, அவர்கள் ஒவ்வொருவருடைய கணக்கையும் யார் புரட்டிப் பார்த்தார்கள்?” என்று கேட்டார்கள். நியாயமான கோபம். ஒரு பிரிவையே இழுத்து மூடும்போது தனி ஆள் கணக்கு எடுபடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே திறமை மட்டும் எடுபட்டதா? அதுவும்தானே வெளியே போனது! கணக்கு வைத்திருந்தவர் அடுத்த நேர்காணலில் “இந்தச் செலவை இவ்வளவு குறைத்தேன், இப்படி அளந்தேன்” என்று உட்கார்ந்து பேச முடியும். மற்றவர் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தன் திறமையை நிரூபிக்க வேண்டும்.

இது தற்பெருமை என்கிறார்கள். எண்ணைத் தானே சொல்லிக்கொண்டு திரிந்தால் தற்பெருமைதான். அதனால்தான் தொடக்க அளவை நிதிப் பிரிவு சொல்லட்டும், விற்பனை இழப்பை விற்பனைப் பிரிவு சொல்லட்டும் என்று இவ்வளவு நேரம் கரடியாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து எதிரணித் தலைவர் பேச வருகிறார், அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். ஐயா, எந்தத் திட்டத்தை வைத்துக்கொள்வது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்கிற பட்ஜெட் கூட்டத்தில் அந்த ஊழியர் இருக்க மாட்டார். அவருடைய மேலாளருக்கே ஒரு வரி பேசத்தான் நேரம் தருவார்கள். “நல்ல பையன் சார், ரொம்பத் திறமைசாலி” என்று அவர் சொன்னால், மேசைக்கு எதிர்ப்புறம் பில்லைப் புரட்டிக்கொண்டிருக்கிற நிதி அதிகாரி என்ன பதில் சொல்வார்? அதைச் சொல்லிவிட்டுத் தலைவர் தன் பேச்சைத் தொடங்கட்டும். வணக்கம்.