அஞ்சாவது கதவு

வணக்கம் நேயர்களே. ஆப்பரான்னா வசனத்துக்குப் பதிலா பாட்டாலேயே நடக்குற மேற்கத்திய நாடகம், அதுல ஹீரோன்னா பெரும்பாலும் டெனர்தாங்க, மேல் ஸ்தாயில பாடுறவர், காதலும் அவருக்கு, கைத்தட்டலும் அவருக்கு. கீழ் ஸ்தாயில பாடுற பேஸ் குரல்காரங்களுக்கு மிஞ்சுறது ராஜா, பூசாரி, பொண்ணோட அப்பா, சாத்தான், இல்லேன்னா வேலைக்காரன். அப்படி ஒருத்தர்தான் ஹங்கேரியோட போல்கார் லாஸ்லோ. லாஸ்லோங்கறதுதான் அவர் பேரு, போல்கார் குடும்பப் பேரு, அங்க அதை முன்னாடி சொல்லுவாங்க, நம்ம இனிஷியல் மாதிரின்னு வச்சுக்கங்களேன்.

1947 ஜனவரி 1ல ஒரு கிராமத்துல பிறந்தாரு, ஊர் பேரு ஷோமோட்-சென்ட்பால், அதைச் சொல்லிப் பழகவே எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. புடாபெஸ்ட்ல லிஸ்ட் அகாடமிங்கற இசைக் கல்லூரில படிச்சிட்டு, அந்த ஊர் ஆப்பராவுல முதல்ல கிடைச்ச வேஷம் வெர்டியோட ரிகொலெட்டோல செப்ரானோ பிரபு, சும்மா வந்து நாலு வரி பாடிட்டுப் போற ஆளு. அங்கருந்து மெதுவா ஏறி 1981ல ஃபிலடெல்ஃபியால பிரபல இத்தாலிய டெனர் பாவரொட்டி நடத்துன போட்டில ஜெயிச்சாரு, 1991லருந்து சுவிட்சர்லாந்துல சூரிக் ஆப்பராவுல பாடுனாரு. மொசார்ட்டோட டான் ஜொவான்னில லெபொரெல்லோன்னு ஒரு வேலைக்காரன், எஜமான் பண்ற கூத்தையெல்லாம் கணக்கெழுதி வச்சிருப்பான், இவரு பாடினா அந்த ஆளு மேல நமக்கே ஒரு பிரியம் வந்துடும்.

ஆனா எனக்கு போல்கார்னா ஹங்கேரி இசையமைப்பாளர் பார்டோக்கோட நீலத்தாடி கோட்டைங்கற ஆப்பராதான். 1911ல எழுதி 1918ல புடாபெஸ்ட்ல அரங்கேறுனது, ஒரு மணி நேரம், பாடுறவங்க ரெண்டே பேரு. நீலத்தாடிங்கற பிரபுவோட புதுப் பொண்டாட்டி யூதித் அவரோட இருட்டுக் கோட்டைக்குள்ள வந்து பூட்டின ஏழு கதவையும் திறக்கச் சொல்றா. நிறைய பேரு இந்த நீலத்தாடியை ராட்சசனா உறுமிக்கிட்டே பாடுவாங்க. போல்கார் அப்படியில்ல, வயசான மனுஷன் பழைய பெட்டியைத் திறந்து காட்ட கூச்சப்படுற மாதிரி பாடுவாரு. ஹங்கேரியன்ல எந்த வார்த்தைக்கும் அழுத்தம் முதல் அசையிலதான், பார்டோக் மெட்டும் அதுக்கேத்த மாதிரிதான் போகுது, தாய்மொழிங்கறதால இவருக்கு அது பேசுற மாதிரியே வரும்.

1993ல சிகாகோல பியர் பூலே ஆர்கெஸ்ட்ராவை நடத்த, யூதித்தா பாடுன ஜெஸ்ஸி நார்மனோட சேர்ந்து இதை ரெக்கார்ட் பண்ணாரு, 1999ல அதுக்கு கிராமி கிடைச்சுது. அதுல அஞ்சாவது கதவு திறக்குற இடத்தைக் கேளுங்க. ஆர்கெஸ்ட்ரா மொத்தமும், சர்ச்சுல இருக்குமே அந்தப் பெரிய குழாய் ஆர்கனும் சேர்ந்து சி மேஜர்ங்கற பளிச்சுன்னு இருக்குற சுருதில வெடிக்கும், இவரு தன் ராஜ்ஜியத்தைக் காட்டுவாரு, இது என்னோடது பாருன்னு. அவளோ பக்கவாத்தியம் எதுவும் இல்லாம, சின்னக் குரல்ல, அழகா இருக்கு, பெருசா இருக்குன்னு மட்டும் சொல்லுவா. அவ்வளவுதான். இவரு மறுபடி காட்டுவாரு. எத்தனை வாட்டி கேட்டாலும் அந்த இடத்துல எனக்கு இவரு மேலதான் பாவமா இருக்கும்.

2010 செப்டம்பர்ல சூரிக்லயே காலமாயிட்டாரு, 63 வயசு. இப்ப அந்த ரெக்கார்டைத்தான் போடப்போறாங்க, ரேடியோ சத்தத்தை இப்பவே கொஞ்சம் குறைச்சு வச்சுக்கங்க, ஆர்கன் வர்றப்ப தூங்குற குழந்தை எழுந்துடும்.