ஒரு நாளைக்கு இரண்டு வீடு

நேயர்களுக்கு வணக்கம். கண்ணாடி ஜன்னல் துடைக்கும் தொழிலைத் தொடங்க நினைக்கிறவர்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்பார்கள். எவ்வளவு முதல் போடணும், ஒரு நாளைக்கு எவ்வளவு வேலை எடுக்கலாம். முதல் கேள்விக்குப் பதில் சுலபம். கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தேய்க்க ஒரு மாப், அதை வழித்து இழுக்க நல்ல ரப்பர் போட்ட வைப்பர், ஒட்டியதைச் சுரண்ட பிளேடு, இரண்டு வாளி, இரண்டு டஜன் மைக்ரோஃபைபர் துணி, உறுதியான ஓர் ஏணி, ஏறிப் போக ஒரு வண்டி. பெரிய முதல் தேவையில்லை.

இரண்டாவது கேள்விக்குத்தான் இன்றைய பேச்சு முழுவதும். இந்தத் தொழிலுக்கு ஆசையாக வந்து சில மாதங்களிலேயே விட்டுப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை கிடைக்காமல் போனவர்கள் அவர்களில் கொஞ்சம் பேர்தான். கிடைத்த வேலையையெல்லாம் ஒரே நாளில் அடுக்கிக்கொண்டு, எதையும் ஒழுங்காக முடிக்க முடியாமல், தோள் வலியோடு வாடிக்கையாளரிடம் பேச்சும் வாங்கி மனம் விட்டுப்போனவர்கள்தான் அதிகம். நல்ல உழைப்பாளிப் பிள்ளைகள். அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். சென்னை மாதிரி ஊரில், தனி ஆளாக ஆரம்பிக்கிறவர், முதல் மூன்று மாதம், ஒரு நாளைக்கு இரண்டு வீடு. இரண்டு படுக்கையறை உள்ள அடுக்குமாடி வீடு இரண்டு. இல்லையென்றால் காலையில் மூன்று கடைகளின் முகப்புக் கண்ணாடி, அதற்குப் பிறகு ஒரு வீடு. அதற்கு மேல் வேண்டாம். கையில் வைப்பர் பிடிக்கிறது ஐந்து மணி நேரம், மிஞ்சினால் ஆறு மணி நேரம். மிச்ச நேரம் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தம்பி. கார் கழுவும் இடத்தில் வேலை பார்த்தவர், கை சுத்தம். தொழில் தொடங்கப் போகிறேன் என்று ஒரு நோட்டோடு என்னைப் பார்க்க வந்தார். நோட்டில் கணக்கு. ஒரு ஜன்னலுக்கு 5 நிமிடம். மணிக்கு 12 ஜன்னல். எட்டு மணி நேரத்துக்கு 96. ஒரு வீட்டுக்கு எட்டு ஜன்னல் என்று வைத்தாலும் 12 வீடு. "நான் பாதிதாண்ணே போட்டிருக்கேன், சனிக்கிழமை ஆறு வீடு" என்றார். வேளச்சேரியில் இரண்டு, மேடவாக்கத்தில் ஒன்று, அண்ணா நகரில் ஒன்று, போரூரில் இரண்டு. வீடு தேடிப் போய் ஆர்டர் பிடித்திருக்கிறார், பாவம். "தம்பி, வேளச்சேரி ரெண்ட மட்டும் வச்சுக்கங்க. மத்தவங்களுக்கு இப்பவே போன் பண்ணி வேற தேதி சொல்லிடுங்க. நானும் வர்றேன்" என்றேன். அரை மனசோடு போன் பண்ணினார்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அந்த அடுக்குமாடியின் வாசலில் நிற்கிறோம். வாட்ச்மேன் பதிவேட்டில் பெயர், போன் நம்பர், வண்டி நம்பர் எழுதச் சொன்னார். மேலே கூப்பிட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்த வீட்டு அம்மா போனை எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். ஏணியோடு மெயின் லிஃப்டில் ஏறக்கூடாது, பின்பக்கம் சர்வீஸ் லிஃப்டுக்குப் போங்கள் என்றார்கள். மூன்றாவது மாடிக் கதவைத் தட்டும்போது மணி ஒன்பது நாற்பது. ஒரு கண்ணாடியும் ஈரமாகவில்லை, அதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டது.

உள்ளே போனால் பால்கனிக் கொடியில் துணி காய்கிறது. கதவை ஒட்டித் துளசித் தொட்டி, கற்றாழைத் தொட்டி. ஹாலில் திரைச்சீலை, அதற்குக் கீழே சோபா. ஒரு படுக்கையறையில் அவர் வீட்டுக்காரர் ஜன்னல் ஓரம் லேப்டாப் வைத்துக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறார். "அந்த ரூமுக்குப் பதினோரு மணிக்கு மேல வாங்க தம்பி" என்றார் அந்த அம்மா. அவர்மீது தவறே இல்லை. வீடு என்றால் மனிதர்கள் வாழ்கிற இடம். நாம்தான் அவர்கள் நேரத்துக்கு நடுவே நுழைகிறோம்.

சரி, ஹால் ஜன்னலில் ஆரம்பித்தோம். இப்போதெல்லாம் பெரும்பாலும் சறுக்கித் திறக்கிற ஜன்னல்தானே. இரண்டு கண்ணாடிப் பலகை, ஒரு கொசுவலைப் பலகை. அது ஓடுகிற கீழ்த் தடத்தை, டிராக் என்கிறோமே, அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். போன மழையில் இறங்கிய மண் மூலையில் காய்ந்து கட்டியாக இருக்கும். தலைமுடி, செத்த கொசு, பல்லி முட்டையின் ஓடு. மழைத் தண்ணீர் வெளியேற அடியில் ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள், அதுவும் அடைத்திருக்கும். காய்ந்தபடியே பிரஷ்ஷால் தள்ளி எடுக்க வேண்டும். முதலிலேயே தண்ணீர் விட்டால் சேறாகிவிடும். பிறகு பழைய டூத் பிரஷ், பிறகு ஸ்க்ரூடிரைவர் முனையில் துணியைச் சுற்றி மூலை மூலையாக எடுக்க வேண்டும். கொசுவலையைக் கழற்றிக் குளியலறையில் வைத்துக் கழுவி, உதறி, நிறுத்தி வைக்க வேண்டும். அதன் பிறகுதான் கண்ணாடி. மாப் வைத்து ஒரு தேய்ப்பு, வைப்பரால் மேலிருந்து ஓர் இழுப்பு, ஓரத்தில் துணி. மறுபக்கமும் அதே. தம்பியின் கை நல்ல கை. கண்ணாடியை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். அந்த ஜன்னல் முழுவதும் முடிய ஆனது 25 நிமிடம்.

இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இரண்டு நிமிடம், ஜன்னல் 25 நிமிடம். தம்பியின் நோட்டில் இருந்தது கண்ணாடிக் கணக்கு. நமக்கு வேண்டியது ஜன்னல் கணக்கு.

அந்த வீட்டில் பால்கனிக் கதவு, ஹால் ஜன்னல், இரண்டு படுக்கையறை ஜன்னல், சமையலறை ஜன்னல், இரண்டு குளியலறைகளிலும் லூவர் பலகைகள், அதாவது ஒன்றன்கீழ் ஒன்றாகச் சாய்த்து அடுக்கிய கண்ணாடிப் பட்டைகள். சமையலறைக் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு, அதற்குத் தனிச் சோப்பு, ஊற வைக்கத் தனி நேரம். லூவரில் ஒவ்வொரு பலகையாகக் கழற்றிக் கழுவி மாட்ட வேண்டும். நாங்கள் அந்த வீட்டை விட்டு இறங்கும்போது மணி ஒன்று. சாப்பிட்டுவிட்டு இரண்டாவது வீட்டை முடித்து வெளியே வந்தபோது விளக்கு போட்டிருந்தார்கள். தம்பி ஏணியைக் கட்டிக்கொண்டே, "ஆறு வீட்டையும் வச்சிருந்தா நாலு பேரும் என்னைத் திட்டியிருப்பாங்கண்ணே" என்றார். இன்று ஆள் வைத்து நன்றாக நடத்துகிறார்.

வேகம் என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் டெர்ரி பர்ரோஸ் என்பவர் 2009ஆம் ஆண்டு பிளாக்பூல் நகரத்துப் போட்டியில் மூன்று ஜன்னல் கண்ணாடிகளை 9.14 விநாடியில் துடைத்துக் கின்னஸ் சாதனை படைத்தார். ஒவ்வொன்றும் 45 அங்குலச் சதுரம். ஈரக்கோடு விட்டால் நேரத்தைக் கூட்டுவார்கள், அப்படியும் இந்த நேரம். உண்மையிலேயே வியக்கத்தக்க கை அது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய திறமை. ஆனால் அந்த இடத்தில் கிரில் இல்லை, கொசுவலை இல்லை, துளசித் தொட்டி இல்லை, வாட்ச்மேன் பதிவேடு இல்லை. இந்த மாதிரி வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் நம் பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள். அது கண்ணாடிக் கணக்கு.

இன்னொருவரையும் நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. நாம் இன்று பிடிக்கிற வைப்பருக்கு இந்த வடிவத்தைக் கொடுத்தவர் எட்டோரே ஸ்டெக்கோனே. இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய், கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் ஜன்னல் துடைத்துப் பிழைத்தவர். அந்தக் காலத்து வைப்பர் கனமான இரும்பு, ரப்பரை மாற்ற நிறைய திருகாணிகளைக் கழற்ற வேண்டும். அவர் இலேசான பித்தளையில், ஒற்றை ரப்பர் வைத்து ஒன்றைச் செய்தார். 1936இல் காப்புரிமை வாங்கினார். நாள் முழுக்க அந்தக் கனத்தைத் தூக்கிய ஒருவருக்குத்தான் அது தோன்றும். உடம்பு தாங்கும் அளவுதான் நாளின் அளவு என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

உடம்பைப் பற்றியே சொல்கிறேன். தலைக்கு மேலே கையைத் தூக்கி வேலை செய்கிற தொழில் இது. முதல் வாரம் தோள், இரண்டாவது வாரம் மணிக்கட்டு, பிறகு பெருவிரல். முதல் மாதத்திலேயே ஏழு, எட்டு மணி நேரம் இழுத்தால் இரண்டாவது மாதம் கை தூக்க வராது. கை மாற்றிப் பழகுங்கள். வாளியை நிறைக்காதீர்கள், பாதி வாளி போதும், அடிக்கடி மாற்றலாம்.

தண்ணீர் பெரிய விஷயம். சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர்தான், உப்பு அதிகம். சொட்டு நின்று காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் கடல்காற்றின் உப்பு வேறு. இரண்டு கேன் நல்ல தண்ணீர் வண்டியில் இருக்கட்டும், கடைசி இழுப்புக்கு அதைப் பயன்படுத்துங்கள். அடுத்தது வெயில். அக்னி நட்சத்திரத்தில் மேற்கு பார்த்த கண்ணாடி தோசைக்கல் மாதிரி இருக்கும். தெளித்த சோப்புத் தண்ணீரை வைப்பர் போவதற்குள் குடித்துவிடும், கோடு கோடாக நிற்கும். காலையில் மேற்கு ஜன்னல், மாலையில் கிழக்கு ஜன்னல், மே மாதம் நடுப்பகலில் வெளிவேலை வேண்டாம். நாளில் மூன்று மணி நேரம் இப்படியே போகும். வடகிழக்குப் பருவமழை வந்தால் முழு நாளே போகும். ஆகவே வாரத்தில் ஆறு நாளும் நிரம்பியிருந்தால் அது ஆபத்து. அரை நாளைக் காலியாக வையுங்கள். "நாலு மணி வெயில் பட்டதும் கோடு தெரியுதுங்க" என்று யாராவது கூப்பிடுவார்கள். அன்றைக்கே போய்த் துடைத்துக் கொடுத்தால் அந்த வீடு என்றைக்கும் உங்களுக்குத்தான்.

புதிதாகக் கட்டிய வீடு என்றால் மூன்று மடங்கு நேரம். கண்ணாடி முழுக்கப் பெயின்ட் சொட்டு, சிமென்ட் பொட்டு, ஸ்டிக்கர் பசை. அதிலும் டெம்பர்டு கண்ணாடியில், அதாவது சூட்டில் பதப்படுத்திய கண்ணாடியில், பிளேடு வைத்தால் கீறல் விழ வாய்ப்பு உண்டு. எந்தக் கண்ணாடி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்டுக்காரரிடம் சம்மதம் எழுதி வாங்கிக்கொண்டு கை வையுங்கள். அன்றைக்கு வேறு வேலை எடுக்காதீர்கள். மயிலாப்பூர், மாம்பலம் பக்கத்துப் பழைய வீடுகளில் கிரில்லுக்குள் கையை விட்டுத்தான் துடைக்கணும். சின்ன வைப்பர், பொறுமை, அங்கேயும் கூடுதல் நேரம்.

கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. வெளிப்பக்கம் கை எட்டவில்லை என்றால், "சன்ஷேடுல இறங்கிடுங்க தம்பி, ஏசி மெக்கானிக்கெல்லாம் இறங்குறாங்க" என்பார்கள். இறங்காதீர்கள். பெல்ட்டும் கயிறும் பயிற்சியும் இல்லாமல் ஒருபோதும் இறங்காதீர்கள். நாள் நெருக்கடியாக இருக்கும்போதுதான் ஆள் இறங்குவான். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது, பலகையைக் கழற்றி உள்ளே வைத்துத் துடைக்கப் பத்து நிமிடம் ஆகும், இறங்கினால் ஒரு நிமிடம் என்று மனசு சொல்லும். இரண்டு வீடு என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். அந்தப் பத்து நிமிடம் உங்கள் கையில் இருக்கணும். இரண்டு வீடு எடுத்தவரிடம் அது இருக்கும், ஆறு வீடு எடுத்தவரிடம் இருக்காது.

இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்று நிலையத்தில் சைகை காட்டுகிறார்கள். கடைகளைப் பற்றியும், ஆள் சேர்ப்பதைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். கடைக் கண்ணாடி காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்குள் முடியணும்; கடை திறந்துவிட்டால் இடமே இருக்காது. ஒரே தெருவில் மூன்று கடை பிடியுங்கள், தெருவுக்கு ஒன்றாகப் பிடிக்காதீர்கள். வாரம் ஒரு முறை வருகிற கடை, வருடத்துக்கு ஒரு முறை கூப்பிடுகிற வீட்டைவிடச் சம்பளத்துக்கு நிச்சயம். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், அப்போதும் மூன்றாவது வீட்டுக்கு ஆசைப்படாதீர்கள், தேதியைத் தள்ளிச் சொல்லுங்கள். விலையை ஜன்னலுக்கு இவ்வளவு என்று போனில் சொல்லாதீர்கள், டிராக்கையும் கொசுவலையையும் படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ராத்திரி துணி துவைக்க ஒரு மணி நேரம் வேண்டும், அதையும் நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆள் சேர்ப்பது எப்போது என்றால், இரண்டு வீட்டை மாலை நாலரை மணிக்குள் நிதானமாக முடிக்க வந்த பிறகு. முதலில் அவரை டிராக் வேலைக்கு விடுங்கள், கண்ணாடியை நீங்கள் பாருங்கள்; அப்போது மூன்றாவது வீட்டை எடுக்கலாம். நன்றி, வணக்கம்.