ஒயின் பாட்டிலைப் போலீஸ் ஏன் தூக்கிக்கொண்டு போனது?

வணக்கம்! 2001, இத்தாலியில் தேர்தல் நேரம். ஆல்பா என்ற ஊரில் ஒரு கடை அலமாரியில் இருந்த ஒயின் பாட்டிலைப் போலீஸ் எடுத்துப் போகிறது. கள்ளச்சரக்கா? இல்லை, குற்றவாளி லேபிள். கையால் வரைந்த அந்த லேபிளில் 'நோ பாரிக், நோ பெர்லுஸ்கோனி' என்று இருந்தது. பெர்லுஸ்கோனி அந்தத் தேர்தலில் நின்றவர். சரி, பாரிக் யார்? அது ஆளே இல்லை, ஒயின் ஊறவைக்கும் 225 லிட்டர் சின்ன மரப் பீப்பாய்!

லேபிளை வரைந்தவர் பர்தோலோ மஸ்கரெல்லோ. பியட்மாண்ட் பகுதியில் பரோலோ என்ற கிராமம், அப்பா காலத்து ஒயின் கூடம். 2005-இல் பர்தோலோ இறந்த பிறகு அவர் மகள் மரியா தெரசா நடத்துகிறார். வரலாறு இவ்வளவு போதும்.

இப்போது கிளாஸைப் பாருங்கள். (திரையில்: கிளாஸுக்குப் பின்னால் விரல்.) விரல் தெரிகிறதா? இந்த ஒயினுக்கும் ஊர்ப் பெயர்தான், பரோலோ. இதைச் செய்யும் நெபியோலோ திராட்சையின் நிறம் அவ்வளவு வெளிர். சாது என்று நினைத்து ஒரு வாய் குடித்தால் ஈறு வரை இழுத்துப் பிடிக்கும். இதை விளக்க ஒயின்காரர்கள் படாத பாடு படுவார்கள். நமக்கு ஒரே சொல்: துவர்ப்பு! அறுசுவையில் ஒன்றாக வைத்திருக்கிறோமே. நாவல்பழம் தின்றபின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுமே, அதேதான். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வழுவழுப்பு போய் வாய் சொரசொரக்கிறது. கடுந்தேநீரில் பால் ஊற்றியதும் துவர்ப்பு அடங்குவது எப்படி? டானினுக்குப் பிடித்துக்கொள்ளப் பாலின் புரதம் கிடைத்துவிடுகிறது. பரோலோவோடு சீஸும் மாட்டிறைச்சியும் வைப்பது இதனால்தான். ஒயினில் பால் ஊற்றிப் பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்!

வாசனைக்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்வது ரோஜாவும் தாரும். ஆமாம், ரோடு போடும் தார்தான். புதிதாய்த் தார் போட்ட தெருவில் கல்யாண ஊர்வலம் போனால் மாலையும் ரோடும் சேர்ந்து மணக்குமே, அப்படிக் கற்பனை செய்துகொள்கிறேன்.

அப்புறம் பீப்பாய்ச் சண்டை. புது பாரிக்கில் ஊறினால் ஒயின் சீக்கிரம் மிருதுவாகும், வெனிலா வாசமும் ஏறும். 1983-இல் எலியோ ஆல்தாரே என்ற இன்னொரு பரோலோ ஒயின்காரர் தன் அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை மின்ரம்பத்தால் அறுத்தே போட்டார். அப்பா சொத்தில்லை என்று எழுதிவிட்டார்! மஸ்கரெல்லோ எதிர்க்கட்சி. பல ஆயிரம் லிட்டர் பிடிக்கும் பழைய பீப்பாய் தன் வாசத்தை அதிகம் கொடுக்காது. துவர்ப்பு அடங்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். பரோலோ என்று விற்கவே 38 மாதம் ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம்.

என் ஓட்டு பெரிய பீப்பாய்க்கு. குடிக்கச் சொல்லவில்லை, மது உடல்நலத்துக்குக் கேடு. உங்கள் வீட்டில் அதிகம் துவர்க்கும் பண்டம் எது? வாழைப்பூவா, நெல்லிக்காயா? கமென்ட்டில் சண்டை போடுங்கள்.